தக்காளியின் முதல் பாதி: அன்றாட ஸ்வீடிஷ் பேச ஒரு தொடக்கம்

ஸ்வீடனுக்குப் புதிதாக வருபவர் முதலில் எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது ‘தக்’. அகராதியில் தேடினால் நன்றி என்று இருக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கக் காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கடையில் பில் போடுபவர் ‘தக்’ என்கிறார், பணம் கட்டியவரும் ‘தக்’ என்கிறார். காப்பி கேட்கும்போது, அது கைக்கு வருவதற்கு முன்பே ஒரு ‘தக்’. வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் வாலில் ஒரு ‘தக்’. இவ்வளவு வேலை செய்யும் சொல்லை நன்றி என்று மட்டும் மனப்பாடம் செய்தால் பாதிதான் கையில் வரும்.

இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான். அன்றாட வாக்கியங்களைப் பொருளோடு சேர்த்துப் படிப்பதைவிட, இடத்தோடு சேர்த்துப் படியுங்கள். எந்த நிமிடத்தில், யாரிடம், எதற்குப் பதிலாக அது சொல்லப்படுகிறது என்று தெரிந்தால் இருபது முப்பது வாக்கியங்களே பல நாள்களை ஓட்டிவிடும்.

முதலில் உச்சரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் பேசும் வாய்க்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே போய்விடுகிறது.

‘தக்காளி’ என்று சொல்லத் தொடங்கி ‘தக்’கோடு நிறுத்துங்கள். அவ்வளவுதான், அதுதான் ஸ்வீடிஷ் நன்றி. நாக்கு பல்லைத் தொடும் நம் த-தான் அது. ஆங்கிலத்தின் வழியாக ஸ்வீடிஷுக்குப் போகிறவர்கள் ‘டாக்’ என்கிறார்கள். அதில் இரண்டு தப்பு. ஒன்று, ஸ்வீடிஷின் தகரம் ட ஆகிவிட்டது. இரண்டாவது, குறில் நெடிலாகிவிட்டது. நெடிலில் ‘தாக்’ என்றால் வீட்டின் கூரை! குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குப் பால்வாடியிலேயே பழகியது. படம் வேறு, பாடம் வேறு. ஸ்வீடிஷிலும் அப்படித்தான். ‘க்லாஸ்’ என்று நீட்டினால் தண்ணீர் குடிக்கும் கிளாஸ். ‘க்லஸ்’ என்று குறுக்கி ஸகரத்தை அழுத்தினால் ஐஸ்கிரீம். ‘எத் க்லாஸ் வத்தென், தக்’ என்றால் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். இதில் க்லாஸைக் குறுக்கினால் எதிரில் நிற்பவர் ஒரு நொடி ஐஸ்கிரீம் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பார்.

இன்னொரு வசதியும் உண்டு. ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் ர-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் கலந்து நம் ட ஆகிவிடும். ர-வும் ன-வும் சேர்ந்தால் ண. ர-வும் ல-வும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ள. குழந்தை என்பதற்கு எழுத்தில் ரகரமும் னகரமும் தனித்தனியாக இருக்கும், ஆனால் சொல்வது ‘பாண்’. வங்கி அட்டைக்கு ‘குட்’. கால் மணி நேரத்துக்கு ‘க்வட்’. மன்னிப்புக்கு ‘ஃபொளோத்’. நாக்கை மடக்கும் இந்த ஒலிகளுக்காக மற்ற நாட்டவர்கள் வகுப்பில் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நமக்கோ அது அம்மா சொல்லிக்கொடுத்தது. ஆனால் தெற்கே ஸ்கோனெ பகுதிக்குப் போனால் அங்கே ர தொண்டையிலிருந்து வரும், இந்தக் கலப்பு நடக்காது. அங்கே இருப்பவர்கள் சுற்றியுள்ளவர்களைக் கேட்டுப் பழகுங்கள்.

நமக்கு இடைஞ்சலாக இருப்பவை வேறு. சொல்லின் கடைசியில் உகரம் சேர்க்கும் பழக்கம் ஒன்று. ‘தக்’ என்பது ‘தக்கு’ ஆகிவிடக் கூடாது. அடுத்தது உயிரெழுத்துகள். ஸ்வீடிஷில் 9 உயிரெழுத்துகள் உண்டு. 29 எழுத்துகளில் கடைசி மூன்றும், தலையில் வட்டமும் புள்ளிகளும் வைத்த உயிர்கள்தான். அவற்றில் ஒன்றுக்கு நம்மிடம் எழுத்தே இல்லை. வாயில் ஏ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஓ-வுக்குக் குவியுங்கள், அந்த ஒலி வந்துவிடும். அந்த மூன்றில் சேராத இன்னோர் உயிருக்கு ஈ சொல்லிக்கொண்டே உதட்டைக் குவிக்க வேண்டும். இங்கே அவற்றை ஒ, ஓ, இ, ஈ என்றே எழுதுகிறேன், வேறு வழியில்லை. அதேபோல ‘தூ’ என்று எழுதும் இடத்தில் ‘பந்து’வில் வரும் மெல்லிய த-வை நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பார்த்து ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில உயிரெழுத்துகளுக்கு முன்னால் க என்பது ஷ ஆகும், ஆங்கில ஜி எழுத்து ய ஆகும். நாம் வரைபடத்தில் கோத்தன்பர்க் என்று படிக்கும் நகரத்தை ஊர்க்காரர்கள் ‘யோத்தெபொரி’ என்கிறார்கள். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் ‘லிங்கோப்பிங்’ என்று சொல்லும் ஊர் உண்மையில் ‘லின்ஷோப்பிங்’. அந்தப் பின்பாதி சந்தை கூடிய ஊர் என்பதைக் குறித்த பழைய சொல், அதனால்தான் பல ஊர்ப் பெயர்கள் அப்படி முடிகின்றன.

சரி, இப்போது பேச்சுக்கு வருவோம்.

வணக்கம் சொல்ல ‘ஹெய்’. காலை, மாலை, சிறியவர், பெரியவர், மேலாளர், மருத்துவர் எல்லோருக்கும் அதே ‘ஹெய்’. பிரியும்போது ‘ஹெய்தோ’, அல்லது ‘ஹெய் ஹெய்’. இந்த ‘ஹெய் ஹெய்’ சந்திக்கும்போதும் வரும் பிரியும்போதும் வரும், குழம்ப வேண்டாம். மறுபடி பார்ப்போம் என்றால் ‘வி சேஸ்’. தொலைபேசியை வைக்கும்போது ‘வி ஹோஷ்’, அதாவது மறுபடி பேசுவோம், ஒருவர் குரலை ஒருவர் கேட்போம் என்று பொருள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வது ‘த்ரேவ்லி ஹெல்ய்’, வார இறுதி இனிதாகட்டும். அதற்குப் பதில் ‘தக் தெசம்மா’, உங்களுக்கும் அப்படியே. இந்தப் பதிலை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். யார் எந்தப் பண்டிகை வாழ்த்துச் சொன்னாலும், கிறிஸ்துமஸானாலும் கோடை விழாவான மிட்சம்மரானாலும், ‘தக் தெசம்மா’ பொருந்தும்.

அடுத்து நமக்கு மனம் கூசும் ஒரு விஷயம். ஸ்வீடிஷில் எதிரில் இருப்பவரை அழைக்க இரண்டு சொற்கள் உண்டு: ‘தூ’, ‘நீ’. வேடிக்கை என்னவென்றால் இந்த ‘நீ’ நம் ‘நீங்கள்’ போன்றது, பலரைச் சேர்த்து அழைப்பது. ஒருவரை, அவர் யாராக இருந்தாலும், ‘தூ’ என்றுதான் அழைக்க வேண்டும். எழுபது வயது அண்டை வீட்டுக்காரரை ‘தூ’ என்று சொல்ல முதலில் நாக்கு எழவே எழாது. ஆனால் அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு வரை ஸ்வீடன்காரர்கள் ஒருவரை அழைப்பதற்குள் திண்டாடிப் போவார்கள். பட்டத்தைச் சொல்லிப் படர்க்கையில் பேசுவார்கள், “டாக்டருக்குக் காப்பி வேண்டுமா?” என்று அந்த டாக்டரிடமே கேட்பதுபோல. ‘நீ’ என்ற சொல் அன்று கீழே இருப்பவர்களை அழைக்கும் வாடை கொண்டிருந்தது, அதனால் அதையும் பயன்படுத்த முடியாது. 1960களில் இதெல்லாம் சரியத் தொடங்கியது. 1967இல் நாட்டின் மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செத், இனி ஊழியர்கள் எல்லோரையும் ‘தூ’ என்றே அழைப்பேன், என்னையும் அப்படியே அழையுங்கள் என்று அறிவித்தார். அந்த மாற்றத்துக்கு ‘தூ சீர்திருத்தம்’ என்றே பெயர் வந்துவிட்டது. இன்று சில இளம் கடைக்காரர்கள் மரியாதை என்று நினைத்து ஒற்றை ஆளையும் ‘நீ’ என்பதுண்டு. பழைய வாடையை மறக்காத முதியவர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஆகவே தயங்காமல் ‘தூ’ சொல்லுங்கள். அரச குடும்பத்தாரைச் சந்திக்கும் வாய்ப்பு வந்தால் மட்டும் வேறு முறை.

அப்படியானால் மரியாதையை எங்கே காட்டுவது? இங்கேதான் ‘தக்’ மறுபடி வருகிறது. தமிழில் நாம் கடையில் போய் “தயவுசெய்து ஒரு காப்பி” என்று சொல்வதில்லை. “ஒரு காப்பி குடுங்க” என்கிறோம். அந்த ‘ங்க’விலேயே மரியாதை முடிந்துவிடுகிறது. ஸ்வீடிஷிலும் அன்றாடப் பேச்சில் தயவுசெய்து என்று தனியாக ஒரு சொல் தேவைப்படுவதில்லை. நம் ‘ங்க’ செய்யும் வேலையை அங்கே ‘தக்’ செய்கிறது. ‘என் கஃபெ, தக்’ என்றால் “ஒரு காப்பி குடுங்க”. இன்னும் கொஞ்சம் பதமாக வேண்டுமென்றால் ‘கன் யா ஃபோ என் கஃபெ, தக்?’, எனக்கு ஒரு காப்பி கிடைக்குமா? ‘ஸ்னெல்லா’ என்றும் ஒரு சொல் இருக்கிறது, தயவுசெய்து என்று அகராதி சொல்லும். ஆனால் அது குழந்தை அம்மாவிடம் கெஞ்சும் சொல், “ப்ளீஸ்மா ப்ளீஸ்மா” என்பது போல. காப்பிக் கடையில் அது பொருந்தாது.

பொருளை நீட்டும்போது கொடுப்பவர் ‘வஷொகூ’ என்பார். இந்தாங்க என்று அர்த்தம். நன்றிக்குப் பதிலாகவும் அதே சொல் வரும், உள்ளே வாருங்கள், சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டும்போதும் அதே சொல். மிக்க நன்றி சொல்ல ‘தக் சொ மிக்கெ’.

இப்போது சூப்பர்மார்க்கெட்டின் பில் கவுண்டரில் நிற்போம். புதிதாக வந்தவர்களுக்கு அதிகம் வியர்க்கும் இடம் இதுதான், ஏனென்றால் பின்னால் வரிசை நிற்கும், பில் போடுபவர் வேகமாகக் கேட்பார். ஆனால் கேட்பது எப்போதும் ஏறக்குறைய இதே மூன்று கேள்விதான்:

– ஹெய்!
– ஹெய்!
– ஹார் தூ மெத்லெம்ஸ்குட்?
– நெய்.
– வில் தூ ஹா என் போசெ?
– நெய் தக், தே ஏ ப்ரா.
– வில் தூ ஹா க்வித்து?
– யா தக்.
– தக் தக், ஹா தே ப்ரா!
– தக் தெசம்மா. ஹெய் ஹெய்!

முதல் கேள்வி கடையின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்பது. ‘போசெ’ என்றால் பை. ‘க்வித்து’ என்றால் ரசீது. ‘ஹா தே ப்ரா’ என்பது நல்லபடியாக இருங்கள் என்று வழியனுப்புவது. இல்லை என்பதற்கான ‘நெய்’ நம் வீட்டு நெய்யேதான், உச்சரிப்பில் ஒரு மாற்றமும் வேண்டாம். சில நேரம் ‘ஏ தே ப்ரா சோ?’ என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்பதுபோலத் தோன்றும், ஆனால் “இவ்வளவுதானா, வேறு எதுவும் வேண்டுமா?” என்று அர்த்தம்.

அந்த ‘தே ஏ ப்ரா’வைக் கொஞ்சம் கவனியுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் “அது நல்லது”. ஆனால் யாராவது எதையாவது கொடுக்க முன்வரும்போது அதற்குப் பொருள் “போதும், வேண்டாம்”. விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாடு பிரமாதமாக இருந்தது என்று சொல்ல நினைத்து, பாத்திரத்தோடு நிற்பவரிடம் ‘தே ஏ ப்ரா’ என்றால் பாத்திரம் திரும்பிப் போய்விடும். நம் ஊர்போல மூன்று முறை கேட்டுக் கட்டாயப்படுத்தும் வழக்கமும் அங்கே இல்லை. இன்னும் வேண்டுமென்றால் ‘யா தக்’ என்று சொல்லி, எழுத்தில் ‘கார்னா’ போல இருக்கும் ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரகர னகரக் கலப்புப்படி பார்த்தால் அது ‘யாணா’, விருப்பத்தோடு என்று பொருள். முதல் எழுத்து ய ஆனதைப் பாருங்கள், லின்ஷோப்பிங் விஷயத்தில் சொன்னேனே, அந்த விதியின் தம்பிதான் இது.

பணத்துக்கு வருவோம். நோட்டும் சில்லறையும் பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள். அட்டை, இல்லையென்றால் 2012இல் வங்கிகள் சேர்ந்து கொண்டுவந்த ‘ஸ்விஷ்’ என்ற கைபேசிச் செயலி. செயலியின் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. ‘யா கன் ஸ்விஷா’ என்றால் ஸ்விஷில் அனுப்புகிறேன். அதேபோல இன்னொரு வினை ‘பன்தா’. குடித்து முடித்த பாட்டிலையும் கேனையும் கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டு வைப்புப் பணத்தைத் திரும்ப வாங்குவது. அலுமினியக் கேன்களுக்கு 1984 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது.

கடைக் கதவில் இருக்கும் இரண்டு சொற்களையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ‘த்ராக்’ என்றால் இழு, ‘த்ரிக்’ என்றால் தள்ளு. மருந்துக் கடையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. வாசலிலேயே ஓர் இயந்திரம் டோக்கன் கொடுக்கும், அதற்குப் பெயர் ‘நும்மெர்லப்’. அதை எடுக்காமல் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கூட்டத்தில் வழி கேட்க, ஒருவரைக் கூப்பிட, குறுக்கே போக ‘ஊஷெக்தா’. தவறு நடந்துவிட்டால் ‘ஃபொளோத்’. இடிப்பதற்கு முன் முதலாவது, இடித்த பின் இரண்டாவது என்று வைத்துக்கொள்ளலாம். ரயிலில் பக்கத்து இருக்கை காலியா என்று கேட்க ‘ஊஷெக்தா, ஏ தே லேதித் ஹேர்?’. பெரும்பாலும் ஒரு தலையசைப்புதான் பதில். அதற்கு மேல் பேச்சு வளராது. அதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம், முன்பின் தெரியாதவர்களை அவர்கள் பாட்டுக்கு விடுவதுதான் அங்கே மரியாதை.

சாப்பாட்டு நேரத்துக்குச் சில வாக்கியங்கள். வேலை நாள்களில் மதியம் உணவகங்களில் ‘தாகென்ஸ் ரெத்’ என்று ஒன்று இருக்கும், அன்றைய சாப்பாடு. ரொட்டி, சாலட், காப்பி எல்லாம் பெரும்பாலும் அந்த விலைக்குள்ளேயே அடங்கும், அதனால் வேலைக்குப் போகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். சைவம் உண்டா என்றால் ‘ஹார் நீ நொத் வெகெதாரிஸ்க்த்?’. இங்கே ‘நீ’ சரி, ஏனென்றால் கேட்பது கடையை, ஓர் ஆளை அல்ல. இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றால் ‘யா ஏத்தெர் இந்தெ ஷொத்’. மீனும் முட்டையும் அதில் அடங்காது, தனியாகச் சொல்லிவிடுங்கள்: மீனுக்கு ‘ஃபிஸ்க்’, முட்டைக்கு ‘எக்’. பில் வேண்டுமென்றால் ‘நூத்தன், தக்’.

காப்பி நேரம் என்றால் ‘ஃபீக்கா’. காப்பியோடு ஏதாவது இனிப்பு, கூடவே ஒரு மனிதர், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஃபீக்கா. காப்பியைக் குறிக்கும் பழைய வடிவம் ‘கஃபி’. அதன் அசைகளைத் திருப்பிப் போட்டுப் பிறந்த சொல் இது என்பார்கள். ‘ஸ்கா வி ஃபீக்கா?’ என்று ஒருவர் கேட்டால், வாங்க கொஞ்சம் உட்கார்ந்து பேசலாம் என்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலை இருக்கிறது என்று தினமும் மறுக்காதீர்கள். அலுவலகத்தில் நட்பு பிறப்பது பெரும்பாலும் அந்தக் கால் மணி நேரத்தில்தான். ஏலக்காய் மணக்கும் மாவில் பட்டை தூவிச் சுருட்டிய ‘கனேல்புல்லெ’ என்ற பன்னை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கென்று அக்டோபர் 4 அன்று ஒரு நாளே இருக்கிறது. ஏலக்காய் வாசனை வந்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

சாப்பிட்டு எழும்போது ‘தக் ஃபொர் மாத்தென்’, சாப்பாட்டுக்கு நன்றி. சொந்த அம்மா அப்பாவிடமே பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுவார்கள். நமக்கு இது அந்நியமாகப் படும், அம்மாவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதன் அக்கா முறையான இன்னொரு வாக்கியம்: ‘தக் ஃபொர் சேனஸ்த்’. சனிக்கிழமை ஒருவர் வீட்டில் சாப்பிட்டீர்கள். விடைபெறும்போதே நன்றி சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் திங்கள்கிழமை காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் அவரைப் பார்த்ததும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: “போன தடவைக்கு நன்றி”. அவர் ‘தக் ஷெல்வ்’ என்பார், உங்களுக்கும் நன்றி. இதைச் சொல்லாமல் விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் சொன்னால் அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம். அந்த மாலை நேரம் நினைவில் இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வது அது.

நேரம் சொல்லும் முறையில் நான் நன்றாகவே அடிபட்டேன். பல் மருத்துவரிடம் தொலைபேசியில் நேரம் கேட்டபோது ‘ஹல்வ் நீயு’ என்றார்கள். ‘ஹல்வ்’ என்றால் அரை, ‘நீயு’ என்றால் ஒன்பது. ஒன்பதரை என்று எழுதிவைத்துக்கொண்டு ஒன்பதே காலுக்கே போய் உட்கார்ந்தேன். என் நேரம் எட்டரை! ஸ்வீடிஷில் அரை என்பது வரப்போகும் மணியை நோக்கிப் பாதி வழி. ஒன்பதை நோக்கிப் பாதி வந்தாயிற்று, அதாவது எட்டரை. நாமோ கடந்த மணியோடு அரையைச் சேர்க்கிறோம். தவறவிட்ட நேரத்துக்கும் கட்டணம் கட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை, யார் ‘ஹல்வ்’ என்று சொன்னாலும் எண்ணை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்கிறேன்: ‘ஒத்தா ஒக் த்ரெத்தி?’, எட்டு முப்பதா? நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதில் ‘ஃபெம் இ ஹல்வ் நீயு’ என்று இன்னொரு அடுக்கும் வரும். எட்டரைக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு என்று நாம் சொல்வதில்லையா, அதேதான், எட்டு இருபத்தைந்து.

பிள்ளைகளின் பள்ளியிலிருந்து வரும் கடிதங்களில் தேதிக்குப் பதிலாக வார எண் இருக்கும். ‘வெக்கா 44’ என்றால் ஆண்டின் 44ஆவது வாரம், இலையுதிர்கால விடுமுறை வருவது அப்போதுதான். வார எண் காட்டும் நாள்காட்டி ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொண்டால் போதும்.

உடம்பு சரியில்லை என்றால் அழைக்க வேண்டிய எண் 1177. செவிலியர் ஒருவர் கேட்டு ஆலோசனை சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் 112. 1177இல் ஆங்கிலத்தில் பேசக் கேட்கலாம், இருந்தாலும் இந்த மூன்று வாக்கியம் கையில் இருக்கட்டும். ‘யா ஹார் உன்த் இ ஹல்சென்’, எனக்குத் தொண்டை வலி. வயிறு என்றால் கடைசிச் சொல் ‘மாகென்’, தலை என்றால் ‘ஹூவெத்’. ‘யா ஹார் ஃபேபெர்’, காய்ச்சல் இருக்கிறது. ‘யா ஸ்குல்லெ வில்யா பூக்கா என் தீத்’, நேரம் பதிவு செய்ய வேண்டும். எதிர்முனையில் ‘ஹூர் லெங்கெ?’ என்று கேட்பார்கள், எவ்வளவு நாளாக? மூன்று நாளாக என்றால் ‘இ த்ரே தாகார்’. அப்புறம் கட்டாயம் அடையாள எண்ணைக் கேட்பார்கள். பிறந்த தேதியில் தொடங்கி நான்கு இலக்கத்தில் முடியும் அந்த எண்ணை ஸ்வீடிஷில் தடங்கலில்லாமல் சொல்லப் பழகுவதே எண்களைக் கற்க நல்ல பயிற்சி. நோயாளிக்குச் சொல்லும் வார்த்தை ‘க்ரீயா போ தெய்’, சீக்கிரம் குணமாகட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேலைக்கு விடுப்புச் சொல்ல ‘யா வப்பார் இதா’ என்ற இரண்டு மூன்று சொல்லே போதும், காரணம் விளக்க வேண்டாம்.

நமக்கென்றே உள்ள ஒரு பொறி ஆமாம் இல்லை விஷயத்தில் இருக்கிறது. “நீங்க வரலையா?” என்று கேட்டால் தமிழில் “ஆமா, வரலை” என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ஆமா. ஸ்வீடிஷில் அப்படிச் சொல்லக் கூடாது. வரவில்லை என்றால் ‘நெய்’. வருகிறேன் என்றால் ‘யா’ அல்ல, ‘யூ’. எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை மறுத்து “இல்லையில்லை, வருவேன்” என்று சொல்வதற்கென்றே இருக்கும் தனி ஆமாம் அது. ‘வில் தூ இந்தெ ஹா கஃபெ?’, காப்பி வேண்டாமா? வேண்டும் என்றால் ‘யூ தக்’. இதைச் சரியாகச் சொல்லும் அன்று, எதிரில் இருப்பவர் உங்கள் ஸ்வீடிஷை வேறு கண்ணால் பார்ப்பார். வடக்கே ஊமெயோ பக்கம் போனால் ஆமாம் என்பதற்குச் சொல்லே இருக்காது. உதட்டைக் குவித்து ‘ஷுப்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். முதல் தடவை கேட்பவர் பயந்துவிடுவார், அவருக்கு மூச்சு முட்டவில்லை, சம்மதம் சொல்கிறார்.

நலம் விசாரிக்க ‘ஹூர் ஏ தே?’. பதில் ‘ப்ரா, தக். ஷெல்வ்?’, நல்லா இருக்கேன், நீங்க? ‘ஹூர் மோர் தூ?’ என்றும் ஒன்று பாடப்புத்தகங்களில் வரும். அது உடம்பையும் மனதையும் உண்மையாகவே விசாரிப்பது, காய்ச்சலில் கிடந்தவரைக் கேட்பதுபோல. அப்படிக் கேட்டால் நின்று பதிலையும் கேட்க வேண்டும்.

கடைசியாக, இவ்வளவு படித்தும் ஸ்வீடிஷ் பேச விடாத தடை ஒன்று உண்டு. நீங்கள் ஒரு வாக்கியத்தில் தடுமாறியதும் எதிரில் இருப்பவர் உதவி செய்வதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர்கள் ஆங்கிலம் நன்றாகப் பேசுபவர்கள், மாறுவது அவர்களுக்குச் சுலபம். அந்த நிமிடத்துக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: ‘கன் வி தா தே போ ஸ்வென்ஸ்கா?’, ஸ்வீடிஷிலேயே பேசலாமா? கூடவே ‘யா ஹொல்லெர் போ அத் லேரா மெய்’ என்றெல்லாம் நீட்ட வேண்டாம், ‘யா லேர் மெய்’ போதும், கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் வேகமாகப் பேசினால் ‘லீத்தெ லொங்சம்மரெ, தக்’, கொஞ்சம் மெதுவாக. புரியவில்லை என்றால் ‘என் கொங் தில், தக்’, இன்னொரு தடவை. தெரியாத சொல் வந்தால் ‘வா பெதீதெர் தே?’, அதற்கு என்ன அர்த்தம்?

இந்த ஐந்தையும் சொல்லிப் பார்க்க நல்ல இடம் ஊர் நூலகங்களில் நடக்கும் ‘ஸ்ப்ரோக்கஃபே’. பேசிப் பழகுவதற்கென்றே கூடும் இடம் அது. தன்னார்வலர்கள், பலர் பணி ஓய்வு பெற்றவர்கள், காப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் சொல்லைத் தேடித் திணறும்போது அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்கள். குடியேறியவர்களுக்கான இலவச ஸ்வீடிஷ் வகுப்பும் 1965 முதல் நடக்கிறது, இப்போது உங்கள் நகராட்சியில் பெயர் கொடுத்தால் இடம் கிடைக்கும். வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நூலகத்துக்குப் போய், கதவில் ‘த்ராக்’ என்று இருந்தால் இழுத்து, உள்ளே நுழைந்து முதல் மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள்: ‘ஹெய்! ஏ தே லேதித் ஹேர்?’